பிளாஸ்டிக் களை எடுக்காது

களைக்குப் பிளாஸ்டிக்தான் தீர்வு என்ற எண்ணம் திருவனந்தபுரத்துக் காய்கறி விவசாயத்தில் இன்று ஏறக்குறைய எதிர்ப்பே இல்லாமல் நடமாடுகிறது. மேட்டுப்பாத்தியின் மேல் வெள்ளி-கறுப்பு ஷீட்டை இழுத்துவிட்டால் களைக்கூலி மிச்சம். அதற்கும் மேலே பாலித்தீன் கூரை போட்டுவிட்டால் களை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஷீட் விற்பவர் சொல்வது இதுதான். வெள்ளாயணிக் காயலைச் சுற்றியுள்ள கல்லியூர், பள்ளிச்சல், வெங்ஙானூர் பகுதிகளில் புதிதாகக் குத்தகைக்கு நிலம் எடுப்பவர் நம்புவதும் இதுதான். இந்தக் கூற்றின் முதல் பாதியில் கொஞ்சம் உண்மை உண்டு. இரண்டாம் பாதியில் அந்தக் கொஞ்சமும் இல்லை. பிளாஸ்டிக் செய்வதெல்லாம் எந்தக் களை பிழைக்கட்டும் என்று தேர்ந்தெடுப்பதுதான். எளிதில் சாகும் களைகளைக் கொன்று, சாகாத களைக்கு நிலத்தைக் காலி செய்து கொடுக்கிறது.

குழப்பத்தில் ஒரு பகுதி, மூன்று வெவ்வேறு பொருள்களை ஒரே மூச்சில் பேசுவதால் வருகிறது. முதலாவது தலைக்கு மேலே கட்டும் கூரை: புற ஊதாக் கதிரைத் தாங்கும்படி செய்த, பெரும்பாலும் 200 மைக்ரான் தடிமனுள்ள பாலித்தீன். நாலு பக்கமும் வலையோ சுவரோ கட்டினால் அது பசுமைக்குடில். பக்கங்களைத் திறந்துவிட்டுக் கூரை மட்டும் போட்டால், இங்கே எல்லோரும் சொல்கிற மழமற. இரண்டாவது நிலத்தில் விரிக்கும் நிறமுள்ள ஷீட், வழக்கமாக 25 அல்லது 30 மைக்ரான், மேல்புறம் வெள்ளி, அடிப்புறம் கறுப்பு. மூன்றாவது நடவுக்கு முன் ஈர மண்ணின்மேல் சில வாரம் போர்த்தி, வெயிலில் மண்ணைச் சுட வைக்கும் ஒளிபுகும் தாள். கூரை மழையைத் தடுக்கிறது, கறுப்பு ஷீட் வெளிச்சத்தைத் தடுக்கிறது, ஒளிபுகும் தாள் வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. மூன்றுக்கும் வேலை வேறு, களையோடு உள்ள உறவும் வேறு.

இவற்றுள் எதுவும் களைக்காகப் பிறந்ததல்ல என்பதும் நினைவில் இருக்க வேண்டும். அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்துத் தோட்டக்கலைப் பேராசிரியர் எம்மர்ட் 1948-இல் கண்ணாடிக்கு விலை கொடுக்க முடியாமல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திப் பசுமைக்குடில் கட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் அதே தாளை நிலத்திலும் விரித்துப் பார்த்தார். குளிர்நாட்டு விவசாயிக்கு அதில் கிடைத்த பெரிய லாபம் மண்ணின் சூடு. வசந்தத்தில் மண் சீக்கிரம் வெதுவெதுப்பானால் தக்காளி சில வாரம் முன்னதாகச் சந்தைக்கு வரும். ஒளிபுகும் தாள்தான் மண்ணை நன்றாகச் சூடாக்கியது, ஆனால் அதன் அடியில் களையும் செழித்தது. கறுப்புத் தாள் சூட்டைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துக் களையை அடக்கியது. அங்கே கறுப்பு நிறம் இப்படி ஒரு சமரசமாகத்தான் வந்தது. ஆண்டு முழுவதும் மண் வெதுவெதுப்பாகவே இருக்கும் திருவனந்தபுரத்தில் அந்தச் சமரசத்தின் முதல் பாதிக்குத் தேவையே இல்லை. சூட்டைக் குறைக்கத்தான் இங்கே வெள்ளிப் பக்கம் மேலே வருகிறது. ஆகவே இங்கே ஷீட்டுக்குச் சொல்லப்படும் முதல் நியாயம் களை என்றாகிவிட்டது. அந்த நியாயம் தாங்குமா என்றுதான் பார்க்க வேண்டும்.

விதையிலிருந்து முளைக்கும் ஓராண்டுக் களைகளிடம் அது தாங்கும். பருப்புக்கீரை, குப்பைமேனி, அம்மான் பச்சரிசி, நாய்க்கடுகு, கீழாநெல்லி போன்றவற்றின் விதைகளில் சேமிப்பு மிகக் கொஞ்சம். இருட்டில் முளைத்தால் வெள்ளைத் தண்டை நீட்டி வெளிச்சம் தேடி, சில நாளில் சேமிப்பு தீர்ந்து மடியும். ஷீட்டின் அடியில் கையை விட்டுப் பார்த்தால் வெளிறி, நூல்போல நெளிந்து அழுகிக் கிடக்கும் முளைகள் அகப்படும். இதைக் காட்டித்தான் ஷீட்டின் புகழ் பரவியது. புகழில் தவறில்லை, அளவில்தான் தவறு.

கோரையிடம் அந்த நியாயம் நிற்காது. களையியலாளர் ஹோம் 1977-இல் தம் கூட்டாளிகளோடு வெளியிட்ட உலகின் மிக மோசமான களைகளின் பட்டியலில் முதலிடம் கோரைக்கு. வெள்ளாயணியின் செம்மண் பாத்திகளிலும் அதற்கு முதலிடம்தான். கோரை விதையை நம்பி வாழ்வதில்லை. மண்ணுக்குள் வேர்த்தண்டுகளில் மணிகோத்ததுபோல் கிழங்குகள் தொடர்ந்திருக்கும். பெரும்பாலானவை மேல் 15 சென்டிமீட்டரில், சில அதற்கும் கீழே. ஒவ்வொரு கிழங்கிலும் பல கண்கள். ஒன்று முளைத்துப் போனால் அடுத்தது காத்திருக்கும். முளைத்த மூன்று நான்கு வாரத்திலேயே புதுக் கிழங்கு கட்டத் தொடங்கிவிடும். நாட்டு மருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்கும் முத்தக்காசு இதுதான். பாத்தியில் இலவசமாகக் கிடைக்கிறது என்பதால் யாரும் மகிழ்வதில்லை.

கிழங்கிலிருந்து மேலே வரும் தளிர் ஒன்றையொன்று இறுகச் சுற்றிய இலைகளால் ஆனது, நுனி ஊசிபோல் கூர்மை. இருட்டில் அது விரிவதில்லை. வெளிச்சம் படும்வரை ஊசியாகவே மேலேறும். கறுப்பு ஷீட்டை எட்டும்போது அதன் முனை அப்படியேதான் இருக்கிறது. 25 மைக்ரான் பாலித்தீனைத் துளைப்பது அதற்கு ஒரு காலைப்பொழுது வேலை. விரித்து இரண்டு மூன்று வாரமான ஷீட்டைக் கிட்டத்தில் பார்த்தால், குண்டூசி குத்தியதுபோன்ற துளை ஒவ்வொன்றிலும் பளபளக்கும் பச்சை இலை மூன்று பக்கமாக விரிந்து நிற்பது தெரியும். பிடித்து இழுத்தால் ஷீட்டின் விளிம்பில் இலை பட்டென்று அறுந்து கையோடு வரும். கிழங்கு அடியில் இருக்கும். வெட்டுவதற்குக் களைக்கொத்தியை ஓங்க முடியாது, ஷீட் கிழியும். திறந்த பாத்தியில் ஆழமாகக் கிண்டிக் கிழங்கோடு எடுக்க முடிந்த களைக்கு, ஷீட் போட்டவர் தம் காசில் கவசம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதோடு ஷீட் மற்றக் களைகளைக் கொன்றுவிட்டதால் கோரைக்குப் போட்டியும் இல்லை. சொட்டுநீரும் அதோடு கரைத்துவிடும் உரமும் பங்குக்கு ஆளில்லாமல் அதற்கும் போகின்றன. இரண்டு மூன்று பயிருக்குப் பிறகு நிலம் கோரைக்காடாவது ஷீட்டையும் மீறி நடப்பதாக நினைப்பது தவறு. ஷீட்தான் அதற்கு வழிசெய்கிறது.

இதற்கு உலக அளவில் ஒரு சாட்சி உண்டு. பிளாஸ்டிக் ஷீட்டில் தக்காளி பயிரிடுவதில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு நீண்ட அனுபவம். ஷீட் ஒன்றே களைக்குப் போதும் என்றால் அங்கே வேறு எதுவும் தேவைப்பட்டிருக்கக் கூடாது. ஆனால் அந்த விவசாயிகள் பல்லாண்டுகள் ஷீட்டுக்கு அடியில் மெத்தில் புரோமைடு வாயுவைச் செலுத்திக்கொண்டிருந்தார்கள். நூற்புழுவுக்கும் மண்நோய்க்கும் எவ்வளவோ, கோரைக்கும் அவ்வளவு. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மான்ட்ரியல் உடன்பாட்டின்படி அந்த வாயு வளர்ந்த நாடுகளில் 2005-லும் வளரும் நாடுகளில் 2015-லும் விவசாய மண்ணிலிருந்து விலக்கப்பட்டது. சில விதிவிலக்குகள் மட்டும் மிஞ்சின. அது போகப்போகிறது என்று தெரிந்ததும் புளோரிடா ஆய்வாளர்களுக்கு வந்த முதல் கவலைகளில் ஒன்று, ஷீட்டைத் துளைத்துக்கொண்டு வரும் கோரையை இனி என்ன செய்வது என்பது. திருவனந்தபுரத்தில் ஷீட் விற்பனையாளர் தொழில்நுட்பத்தின் பாதியை மட்டும் இறக்குமதி செய்துவிட்டு முழுப் பலனையும் வாக்குக் கொடுக்கிறார்.

அந்தக் கவலையிலிருந்து ஒரு நல்ல கண்டுபிடிப்பும் வந்தது. 1998-இல் வெளியான புளோரிடா ஆய்வு கோரைத் தளிர் வெளிச்சத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தது. ஒளிபுகும் தாளின் அடியில் தளிருக்கு மண்ணைத் தாண்டியதுமே வெளிச்சம் கிடைத்துவிடுகிறது. உடனே ஊசி அவிழ்ந்து இலை விரிகிறது. விரிந்த இலையால் தாளைத் துளைக்க முடியாது. அது தாளுக்கும் மண்ணுக்கும் இடையில் மடங்கிச் சிக்கி, வெப்பத்தில் வெந்து போகிறது. கோரையைப் பொறுத்தவரை கறுப்பைவிட ஒளிபுகும் தாள் வலுவான ஆயுதம் என்பதே இதன் பொருள்; பரவலான நம்பிக்கைக்கு இது நேர் எதிர்.

உடனே ஒளிபுகும் தாளையே எல்லாவற்றுக்கும் மருந்தாக்கிவிடுவோரும் உண்டு. வெயில்மூட்டம் என்று சொல்லத்தக்க இந்த முறையை 1976-இல் இஸ்ரேலின் கட்டானும் அவர் குழுவினரும் வெளியிட்டார்கள். நீர் பாய்ச்சிய மண்ணைத் தாளால் மூடி வாரக்கணக்கில் விட்டார்கள். அவர்கள் குறிவைத்தது கத்தரி, தக்காளியின் வாடல் நோய்ப் பூசணங்களை. களை ஒழிந்தது உடன் கிடைத்த லாபம். அந்த நாட்டுக் கோடையில் வானம் வாரக்கணக்கில் நிர்மலம், மழை அறவே இல்லை. திருவனந்தபுரத்தில் மார்ச் மாதச் சராசரி உச்ச வெப்பமே 33 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான். ஏப்ரலில் பிற்பகல் மேகமும் கோடைமழையும் தொடங்கிவிடும். கேரளத்தில் இஞ்சிப் பாத்திகளை நடவுக்கு முன் 40 நாள் ஒளிபுகும் தாளால் மூடச் சொல்லும் பரிந்துரை நெடுநாளாக உண்டு, அது அழுகல் நோய்க்கு நல்ல காப்பு. ஆனால் களை என்று வரும்போது எச்சரிக்கை வேண்டும். பருப்புக்கீரை விதை வெப்பத்தைத் தாங்கும். கோரைக்கிழங்கு சாக நீடித்த 50 டிகிரிக்கு மேற்பட்ட சூடு வேண்டும்; மேல் அங்குலத்தில் அது கிடைத்தாலும் ஒரு சாண் ஆழத்தில் இங்கே கிடைப்பதில்லை. கொல்லப் போதாத சூடு கிழங்கைத் தூக்கத்திலிருந்து எழுப்புகிறது. பகலில் ஏறி இரவில் இறங்கும் வெப்பம் கோரை முளைப்பைத் தூண்டும் என்பது ஆய்வில் நிலைபெற்ற செய்தி. தாளை எடுத்த மறுவாரமே வெண்டை ஊன்றினால், எழுப்பிவிட்ட கோரையின் நடுவில் ஊன்றுவதாகும். எழுப்பியதைத் தாளின் அடியிலேயே வேகவிட்டு, பிறகும் எழுவதை ஒருமுறை வெட்டிவிட்டு நட்டால் அதே குறை பலனாக மாறும். வித்தியாசம் இரண்டு மூன்று வாரப் பொறுமைதான். அதைத்தான் எந்த விளம்பரத் தாளும் சொல்வதில்லை.

கூரைக் கதைக்கு வருவோம். மழமறையின் உண்மையான பயன் ஜூன், ஜூலை மழையிலிருந்து பயிரைக் காப்பது. தென்மேற்குப் பருவமழையான இடவப்பாதியும் வடகிழக்குப் பருவமழையான துலாவர்ஷமும் நன்றாகப் பெய்து ஆண்டுக்குச் சுமார் 1,800 மில்லிமீட்டர் மழை வாங்கும் ஊரில் கீரையும் தக்காளியும் மழைக்காலத்தில் கைக்குக் கிடைக்கச் செய்யும் கருவி அது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. அதற்குக் களையையும் தடுக்கும் என்ற இரண்டாவது பட்டத்தைக் கொடுப்பதுதான் பிழை. களை விதை வானத்திலிருந்து மழையோடு விழுவதில்லை. அது ஏற்கெனவே மண்ணில் இருக்கிறது. மட்காத சாணத்தோடு வருகிறது. குடிலின் தரையை உயர்த்த லாரியில் கொண்டுவரும் செம்மண்ணோடு கோரைக்கிழங்காக வருகிறது. வேலையாளின் காலில் ஒட்டிய சேற்றோடு வருகிறது. பக்கம் திறந்த மழமறையில் காற்றோடும் வருகிறது. கர்க்கடக மாதத்தில் தசபுஷ்பம் என்று வீட்டுப் பெண்கள் தேடிப் பறிக்கும் முயல்செவியும் பூவாங்குறுந்தலும் பஞ்சுத்தலை விதையில் பறந்து உள்ளே இறங்கும். வரப்போரத்துக் கம்யூனிஸ்ட் பச்சையும் வெட்டுக்காயப் பூண்டும் அப்படியே. கானாவாழைக்கோ பறக்கவும் வேண்டாம்: தரைக்கு மேலே நீலப்பூ பூப்பதோடு மண்ணுக்குள்ளேயே மூடிய பூ பூத்து அங்கேயே விதை கட்டும், வெட்டிப் போட்ட ஒரு கணு ஈரமண்ணில் மறுபடி வேர்விடும்.

கூரை செய்யும் ஆழமான கேடு இன்னொன்று, அதைப் பேசுவோர் மிகக் குறைவு. திறந்த நிலத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரை ஒரு கோடை உண்டு. மண் காய்ந்து வெடிக்கும், கிளறிவிட்ட கோரைக்கிழங்கு வெயிலில் வற்றும். ஈரம் ஓர் அளவுக்குக் கீழே போன கிழங்கு பிறகு எத்தனை மழை பெய்தாலும் எழாது. இது செலவில்லாத களைக்கட்டுப்பாடு. பழைய விவசாயிகள் கும்பம், மீனம் மாதங்களில் நிலத்தைக் கொத்திப் போட்டுவிட்டுச் சும்மா இருந்ததன் காரணம் சோம்பல் அல்ல. கூரைக்கு அடியில் அந்தக் கோடையே இல்லை. 12 மாதமும் சொட்டுநீர், 12 மாதமும் வெதுவெதுப்பு, பயிருக்குப் பின் பயிர். சாலட் வெள்ளரி முடிந்தால் பயறு, பயறு முடிந்தால் மறுபடி வெள்ளரி. களைக்கு ஓய்வும் இல்லை, சாவும் இல்லை. மழை அடித்துக் கழுவாததால் களையின் இலையில் வெள்ளை ஈயும் சிலந்திப்பேனும் சுகமாகக் குடியிருக்கும். வேரில் வேர்முடிச்சு நூற்புழு அடுத்த பயிருக்காகக் காத்திருக்கும். கேரளப் பசுமைக்குடில்கள் பலவற்றை மூட வைத்த காரணங்களில் அந்த நூற்புழு ஒன்று. பயிர் இல்லாத இடைவெளியில் அதற்குச் சோறு போட்டது மூலைகளில் யாரும் பிடுங்காமல் விட்ட களை.

நிலத்து ஷீட்டின் துளைகளும் சால்களும் தனிக் கதை. வெண்டையை 60-க்கு 45 சென்டிமீட்டர் இடைவெளியில் ஊன்றினால் ஏக்கருக்கு ஏறக்குறைய 15,000 துளை. துளைகளின் மொத்தப் பரப்பு நிலத்தில் ஓரிரு சதவீதம்கூட வராது. அதனால் அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் பயிரின் வேர் இருப்பது அந்த ஓரிரு சதவீதத்தில்தான். வெளிச்சம், நீர், உரம் மூன்றும் சேர்ந்து விழும் ஒரே இடமும் அதுதான். நடுவில் ஒரு வெண்டை முளையும் அதை ஒட்டி நாலு முள்ளுக்கீரை முளையும் நிற்கும் துளையில் களைக்கொத்திக்கு வேலையில்லை. இரண்டு விரலை விட்டு, வெண்டையின் வேர் அசையாமல் மற்றதை மட்டும் இழுக்க வேண்டும். 15,000 முறை குனிய வேண்டும். முதல் 30–45 நாளில் களைக்கு விட்டுக்கொடுத்த விளைச்சலைப் பிறகு எதைச் செய்தும் மீட்க முடியாது என்பதால் இதைத் தள்ளிப்போடவும் முடியாது.

இடைச் சால்களில் நிலைமை மழையால் மோசமாகிறது. பாத்தி ஷீட்டில் விழுந்த மழை உள்ளே இறங்க வழியில்லாமல் முழுவதும் சாலில் வழிகிறது. அமெரிக்க வேளாண் துறை மேரிலாந்தில் தக்காளி வயல்களில் அளந்து 2001-இல் வெளியிட்ட ஆய்வில், பயறுவகைச் செடியை மடக்கி மூடாக்கிட்ட நிலத்தைவிடப் பிளாஸ்டிக் விரித்த நிலத்திலிருந்து 2 முதல் 4 மடங்கு நீர் வழிந்தோடியது. மண்ணும் பூச்சிமருந்தும் அதோடு போயின. வெள்ளாயணியைச் சுற்றி அப்படி வழிவது காயலுக்குத்தான் போய்ச்சேர வேண்டும். அடித்துவந்த மண்ணில் ஒரு பகுதி ஷீட்டின் ஓரங்களில் படிந்து மேடாகும். அந்த மேட்டில், பிளாஸ்டிக்கின் தலைமேலேயே, அருகும் கோரையும் முளைக்கும். சாலில் நிற்கும் களை இரட்டிப்பு ஈரத்தில் இடுப்பளவு வளர்ந்து பயிர் வரிசையில் சாயும்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் கூலி. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ரிசர்வ் வங்கி வெளியிட்ட கணக்கில் 2022–23-இல் கேரளத்து ஆண் விவசாயத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி 764 ரூபாய். அகில இந்தியச் சராசரி 346 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஆள் கிடைப்பதும் அரிது. ஆறு மாதம் நிற்கும் மிளகாய், கத்தரி போன்ற பயிரில், கோரை இல்லாத நிலத்தில், நல்ல நாற்றை நடவு செய்யும்போது ஷீட் கூலியைக் குறைக்கும். இந்த நிபந்தனைகள் மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும் என்பதைத்தான் வாதிடுவோர் விட்டுவிடுகிறார்கள். திருவனந்தபுரத்தின் சின்னச்சின்னத் துண்டு நிலங்களில் பயிராகும் காய்கறிகளை எடுத்துப் பார்த்தால் நிபந்தனை பொருந்துவது பாதிக்கும் கீழே. தினசரி விற்கும் சிவப்புக் கீரையை நெருக்கமாக விதைக்கிறார்கள் அல்லது நடுகிறார்கள். அதில் ஷீட்டுக்கு இடமே இல்லை. அதன் களைக்கட்டுப்பாட்டில் ஷீட்டைவிடப் பயன்பட்டது வேளாண் பல்கலைக்கழகத்தின் அருண் ரகம்: முழுச்செடியும் அடர்சிவப்பு, இடையே பச்சையாக எது நின்றாலும் அது களை என்று யாருக்கும் தெரியும். பாகல், புடல் பந்தல்களில் குழிக்குக் குழி 2 மீட்டர். நடுவில் ஷீட் விரிப்பது வெறும் தரைக்கு உடை தைப்பது. பந்தல் மூடியபின் விழும் நிழலே கோரையை ஒடுக்கும், ஏனென்றால் கோரை வெயில் பயிர். மிஞ்சுவது வெண்டையும் நீளப்பயறும். அவற்றில் துளைக்களை, சால்களை, விரிக்கும் கூலி, கடைசியில் பிய்த்தெடுக்கும் கூலி என்று நான்கையும் எழுதிப் பார்த்தால் மிச்சம் என்று சொன்ன தொகை பெரிதும் சுருங்கிவிடும். வேலை போகவில்லை; மண்வெட்டியிலிருந்து விரலுக்கு இடம் மாறியிருக்கிறது.

களைக்கொல்லிக்கு மாற்று என்ற வாதமும் அடிக்கடி வருகிறது. கேரள அரசு 2011-இல் பாராகுவாட், அட்ரசின் உள்ளிட்ட மருந்துகளைத் தடை செய்தது. 2019 பிப்ரவரியில் கிளைபோசேட்டையும் தடை செய்தது. மத்திய அரசு 2022 அக்டோபரில் கிளைபோசேட்டை உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டாளர் மட்டுமே தெளிக்கலாம் என்று கட்டுப்படுத்தியது. ஆகவே ஷீட்டை விட்டால் வேறு வழியில்லை என்கிறார்கள். தடை சரி என்று ஒப்புக்கொண்டாலும் முடிவு சரியாகாது. விஷத்துக்கு மாற்றுப் பட்டியலில் ஷீட் ஒன்று. மண்ணைக் கிளறிக் காயவிடுவது, முளைக்கவிட்டு அழிப்பது, சருகு மூடாக்கு, பயிரை நெருக்கி நிழல் போடுவது எல்லாம் அதே பட்டியலில் இருக்கின்றன. இதற்கிடையில் ரகசியமாகக் களைக்கொல்லி தெளித்துவிட்டு மேலே ஷீட் போர்த்துவோரும் இல்லாமலில்லை. மூடிய ஷீட்டின் அடியில் ஆவியாகும் மருந்துக்கு வெளியேறும் வழி நடவுத் துளை ஒன்றே. அது நேராக நாற்றின் தண்டைத் தழுவிக்கொண்டு வெளியேறும்; கருகிய நாற்றைக் கண்டு விதையைக் குறை சொல்வார்கள்.

எடைக் கணக்கும் சொல்லியாக வேண்டும். பாலித்தீன் 25 மைக்ரான் தடிமனில் ஒரு சதுர மீட்டர் ஏறக்குறைய 23 கிராம். ஏக்கரில் 60 சதவீதப் பரப்பை மூடினால் 55 கிலோவுக்கு மேல் போகும். கேரளத்தில் 2020 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. நாடு முழுவதும் 2022 டிசம்பர் 31 முதல் கைப்பைகள் 120 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. திருவனந்தபுரத்துச் சாலை மார்க்கெட்டில் கீரைக்கட்டை வைத்துக் கொடுக்க உதவாத மெல்லிய தாள், அந்தக் கீரை விளைந்த ஊரின் மண்ணில் பரப்ப மட்டும் உதவுகிறது; அதற்கு மானியமும் உண்டு. ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கத்தின் 2014 விதிமுறையில் ஹெக்டேருக்கு 32,000 ரூபாய் செலவு கணக்கிட்டு அதில் பாதியைக் கொடுத்தார்கள். விரிக்கத்தான் அந்தப் பணம், எடுக்க அல்ல. வெயிலில் நைந்து, கோரை துளைத்து, கொத்துப் பட்டுக் கிழிந்த 25 மைக்ரான் தாளை முழுதாக உருவி எடுக்க எவராலும் முடியாது. ஓரத்தில் புதைத்த பகுதி மண்ணோடு தங்கும். வீடுவீடாகக் கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கைச் சேகரிக்கும் ஹரித கர்ம சேனையிடம் சேறு அப்பிய 55 கிலோவை நீட்ட முடியாது. சீனா இந்த வழியில் வெகுதூரம் போய்த் திரும்பிப் பார்த்த நாடு: 8 மைக்ரான் தாள்கள் வயல்களில் துகளாகக் குவிந்தபின், 2018-இல் குறைந்தபட்சத் தடிமனை 10 மைக்ரானாக உயர்த்தியது. மட்கும் தாள் வந்துவிட்டது என்பது பதிலாகாது. அது பாலித்தீனைவிட வலுக்குறைவு. கோரைக்கு இன்னும் எளிது.

வியப்பான உண்மை ஒன்று: கோரையை நிறுத்துவதில் தடித்த காகிதம் பிளாஸ்டிக்கை வெல்கிறது. நீளாமல் விறைத்து நிற்கும் காகிதத்தை ஊசித்தளிரால் எளிதில் துளைக்க முடிவதில்லை என்பதை ஸ்பெயின் தக்காளி வயல்களில் நடந்த சோதனைகள் காட்டின. திறந்த வெளியில் இடவப்பாதி மழை ஒரே வாரத்தில் அதைக் கூழாக்கிவிடும். ஆனால் மழமறைக்குள் மழை விழுவதில்லை, ஈரம் சொட்டுக்குழாயின் கீழ் மட்டுமே. பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே காகிதத் தரை என்பது இந்த ஊருக்குப் பொருந்தும் சேர்க்கை. சோதித்துப் பார்க்க 1955 முதல் இயங்கும் வெள்ளாயணி வேளாண் கல்லூரி காயலின் கரையிலேயே இருக்கிறது. திறந்த நிலத்துக்குத் தென்னையின் ஊரில் மூடாக்குக்குப் பஞ்சமில்லை: ஓலை, மட்டை, சருகு, வைக்கோல். மெல்லியதாகத் தூவினால் பயனில்லை; ஒரு சாண் உயரம் போட்டால்தான் வெளிச்சம் மறையும், அமர்ந்து பாதியாகும்போது மறுபடி போட வேண்டும். மழை அதன் வழியாக மண்ணுக்குள் இறங்கும். கோரை அதையும் துளைக்கும், ஆனால் அங்கே கொத்தியால் எடுக்கத் தடையில்லை.

ஷீட்டையே பயன்படுத்த முடிவு செய்பவருக்கும் களைக்கட்டுப்பாடு ஷீட்டுக்கு முந்தைய மூன்று மாதத்தில் நடக்க வேண்டிய வேலை. பிப்ரவரியில் நிலத்தை ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திப் புரட்டி, கோரைக்கிழங்குச் சரங்களைக் கையால் பொறுக்கி, மீதியை வெயிலில் வற்றவிட வேண்டும். வாரம் இடைவிட்டு இரண்டு மூன்று முறை. சாணத்தைக் குவித்து ஈரப்படுத்திக் கிளறி, உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடேறும்படி மட்க வைத்தபின்தான் பாத்திக்குள் விட வேண்டும். பாத்தி கட்டிச் சொட்டுக்குழாய் போட்டதும் நடவு செய்யாமல் இரண்டு வாரம் தண்ணீர் மட்டும் விட்டால் மேல்மண்ணில் இருக்கும் விதையெல்லாம் முளைத்துவிடும். அதை மேலாகச் சுரண்டி அழிக்க வேண்டும். ஆழமாகக் கிளறினால் அடியில் உறங்கும் அடுத்த தலைமுறை மேலே வந்துவிடும். இவ்வளவுக்குப் பிறகும் கோரை வரிசையாக எழும் நிலத்தில் கறுப்பு ஷீட் விரிக்கவே கூடாது. ஒளிபுகும் தாளை மூன்று வாரம் போட்டுச் சிக்கவைத்து எடுத்துவிட்டு, அந்தப் போகத்துக்குப் பயறு போன்று விரைவில் நிழல் கட்டும் பயிரைத் திறந்த பாத்தியில் போடுவது நல்லது. சால்களுக்கும் குடிலின் நடைபாதைகளுக்கும் மெல்லிய ஷீட் ஆகாது. பல ஆண்டு உழைக்கும், நீர் இறங்கும் நெய்த விரிப்பு அங்கே பொருந்தும், பயிர் முடிந்ததும் சுருட்டி வைக்கலாம். வரப்பிலும் குடிலைச் சுற்றி இரண்டு மீட்டர் அகலத்திலும் பூக்குமுன் வெட்டிவிட்டால் பஞ்சுத்தலை விதைகளின் வரத்து பெருமளவு நின்றுபோகும். குடிலுக்குள் ஆண்டில் ஒருமுறையாவது, மார்ச்சில், தண்ணீரை முழுவதும் நிறுத்தி மண்ணைக் கிளறிக் காயவிட வேண்டும். ஒரு போகத்து வெள்ளரி வருமானம் போகும், நூற்புழுவும் கோரையும் சேர்ந்து போகும்.

மானியத்தைக் கொடுப்போர் இந்த வரிசைக்கேற்ப அதை மாற்றிக்கொள்ளத் தடையேதும் இல்லை. கோடைக் கொத்துக்கும் கிழங்கு பொறுக்கலுக்கும் கூலியின் ஒரு பங்கைக் கொடுக்கலாம். ஷீட்டுக்குக் கொடுப்பதில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, எடுத்த ஷீட்டை எடை போட்டுக் காட்டியபின் தரலாம். ஷீட்டில் கோரை துளைத்த இடங்கள் சதுர மீட்டருக்கு மூன்று நான்கைத் தாண்டினால் அதை அடுத்த போகத்துக்கு விட்டுவைப்பது வீண். ஒவ்வொரு துளையும் அடுத்த தளிருக்கு வழிகாட்டும் வெளிச்சம். உருவுவதற்குத் தாளில் வலு மிஞ்சியிருக்கும்போதே, பயிர் முடிந்த வாரத்திலேயே, சொட்டுநீரை நிறுத்தி மண் காய்ந்தபின் அதை எடுத்துவிட வேண்டும்.